திரிந்துபோன ஷாம்பு

வில்லியனூர் பக்கம் ஒரு ஷாம்பு கம்பெனியில் நான் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலவைத் தொட்டிக்குப் பொறுப்பு, மணப்பட்டிலிருந்து கம்பெனி வேனில் வரும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் காலை லேப் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், இன்னான்னே தெரியல, பால் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. வந்து பாருங்க."

தொட்டி முழுக்க வெள்ளைத் திப்பி. நுரை வரவைக்கும் திரவம் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது. "நிறுத்துங்க" என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான் ஊத்தினேன்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மேனேஜர் கேட்டபோது, அளவு தவறியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

செய்முறைத் தாளை அந்த வாரம்தான் மாற்றியிருந்தேன். வழக்கமாக நுரைத் திரவம் முதலில். முடியை வழுவழுப்பாக்கும் பாலிமரை அதில் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். நேரம் மிச்சமாகும் என்று புதுத் தாளில் நான் பாலிமரை முன்னால் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துதான் பீக்கரில் செய்து பார்த்தேன். பாலிமர் கரைந்த தண்ணீரில் நுரைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் மங்கியது, பிறகு திரிந்தது. விடாமல் ஊற்றினேன். திப்பி கரைந்து கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது.

பாலிமர் நேர்மின்னூட்டம் கொண்ட நீளச் சங்கிலி. நுரைத் திரவத்தின் மூலக்கூறுகளுக்கு எதிர்மின்னூட்டம். அவை சங்கிலியில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சரிக்குச் சரியாகும் இடத்தில் மின்னூட்டம் அற்றுப்போய், தண்ணீரில் நிற்க முடியாமல் திரியும். நுரைத் திரவம் இன்னும் சேர்ந்தால் மறுபடி கரையும். கல்லூரிப் பரீட்சையில் இதை எழுதியவள்தான் நான். சரியாக அந்த மோசமான இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அப்போ அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"நான் இங்கயே இருந்துக்கறேன் மேடம். அங்க நாள் முழுக்க நிக்கணும், கால் வீங்கிடுது. ஆனா தப்பு என்னுது இல்லன்னு ரிஜிஸ்டர்ல எழுதுங்க."

ஷாம்பு திரிந்த நாளின் பக்கத்தில், தவறு என் செய்முறையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதிய இடைவேளையில் அக்கா லேபுக்கு வந்தார். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.