கோணலாக இழுக்க மாட்டேன்

அந்த இடிப்பு வேலை நடக்கும் இடத்தில் பாதிப் பேருக்குக் கிரேன் அக்காவைப் பிடிக்காது. மீதிப் பேருக்குப் பயம். பத்து வருடம் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டியவள், ஒரு நாள் "மேல நான் ஏன் உக்காரக் கூடாது?" என்று கேட்டுவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உரிமத் தேர்வில் முதல் தடவை தோற்றாள்.

"சமையல்ல பரீட்சை வெச்சிருந்தா பாஸாகியிருப்பே" என்றான் ஒருவன்.

"உனக்கு அதுலயும் பெயில்தான்டா" என்று சொல்லிவிட்டுப் போய், இரண்டாம் தடவை தேறினாள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் கைநாட்டு வைத்த குடும்பம். உரிம அட்டையில் அவள் போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை ஓடியிருக்கும்.

இரண்டு டன் இரும்புக் குண்டைக் கம்பி வடத்தில் தொங்கவிட்டு, ஆட்டிச் சுவரில் மோத விடுவதுதான் அவள் வேலை. பார்க்க முரட்டு வேலை. ஆனால் போன குண்டு போன வழியே திரும்ப வேண்டும். அதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

அன்று திரும்பவில்லை. பழைய ஆறு மாடிக் கிடங்கு, மேல் இரண்டு மாடி ஏற்கனவே இடித்தாயிற்று. நாலாம் மாடித் தளத்தை உடைத்து உள்ளே போன குண்டு, கான்கிரீட்டிலிருந்து பிதுங்கிய கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது. வடம் கோணலாக நின்றது. அக்கா என்ஜினை நிறுத்தினாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன, தூங்கிட்டியா?"

"குண்டு மாட்டிக்கிச்சு சார். ஒரு அடி தள்ளிப் போட்டுட்டேன், என் தப்புதான். கேஸ் கட்டர்காரரைக் கூப்பிடுங்க, கம்பியை அறுக்கணும்."

"அவன் வர மத்தியானம் ஆயிடும். ஒரு இழு இழு, தானா வந்துடும்."

"இழுத்தா குண்டு வராது. கிரேன்தான் போகும்."

கிரேனின் நீண்ட கைக்கு நேர் மேலே தூக்கத்தான் பலம். பக்கவாட்டில் இழுத்தால் கை முறியும், இல்லை வண்டியே சாயும். சாய்கிற பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே பதினோரு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொட்டகையைக் காலி பண்ணிடறேன், போதுமா?"

"கேபின்ல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளை எங்க காலி பண்ணுவீங்க?"

சூப்பர்வைசர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் சின்ன கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கொழுந்தனை வரவழைத்தார். பெரிய வண்டிக்காக இரண்டு வருடமாகக் காத்திருப்பவன்.

"உன் அண்ணியை இறக்கு. இழுத்துக் குடுத்தா நாளையிலேர்ந்து இந்த சீட்டு உனக்கு."

அவன் ஏணியில் பாதி ஏறி வந்தான். "அண்ணி, எதுக்கு வம்பு? இறங்குங்க, நான் பாத்துக்கிறேன்."

"எப்படிப் பாப்பே?"

"மெதுவா இழுப்பேன்."

"மெதுவா சாஞ்சா மட்டும் வலிக்காதா தம்பி?"

கீழே யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கியது. "வீட்லயும் இதே வாய், இங்கயும் இதே வாய்! அண்ணன் எப்படித்தான் காலம் தள்றாரோ."

"அதை அவர்கிட்ட கேளு. இப்ப வடத்தைப் பாரு."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு இறங்கிச் சூப்பர்வைசரிடம் போனான். "கம்பியை அறுக்கட்டும் சார். சீட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"குடும்பமே கூட்டா?" என்று கத்திய சூப்பர்வைசர் ஏணியில் ஏறி வந்து, "சாவியைக் குடு" என்று கை நீட்டினார். அக்கா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். வண்டியின் தினக்குறிப்பேட்டை எடுத்து நீட்டினாள்.

"பக்கவாட்டுல இழுக்கச் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எழுதினா இழுப்பியா?"

"எழுதினாலும் இழுக்க மாட்டேன். ஆனா நீங்க எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

பேனா இருந்த பைக்குப் போன அவர் கை வெறுங்கையாகவே திரும்பியது. அவளே எழுதினாள்: 'காலை பத்தேகால். பக்கவாட்டில் இழுக்கச் சொன்னார். மறுத்தேன்.' கீழே அந்த நீண்ட கையெழுத்து.

"நாளைக்கு நீ வர வேணாம்."

"நாளைக் கதை நாளைக்கு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இது என் சீட்டு."

சூப்பர்வைசர் சைகை காட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அக்கா சாப்பிடக்கூட இறங்கவில்லை. இறங்கினால் ஏற விடமாட்டார்கள்.

கேபினிலிருந்து அவளே போன் பண்ணி வரச்சொன்ன கேஸ் கட்டர்காரர் இரண்டு மணிக்கு வந்தார். அறுக்கும்போது குண்டு விழாமல் இருக்க, வடம் அதற்கு நேர் மேலே நிற்க வேண்டும். கேபினிலிருந்து குண்டு தெரியாது. சைகை காட்ட ஆளில்லை.

கொழுந்தன் வந்து அந்த இடத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்காக நிக்கல. அறுக்கிற ஆளு மேல குண்டு விழக் கூடாதுல்ல."

"தெரியும். கையை ஒழுங்கா காட்டு."

அவன் கை சொன்ன பக்கம் கிரேன் கை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வடம் நேரானது, எடையைத் தாங்கியது. கடைசிக் கம்பி அறுந்தபோது குண்டு ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, அவள் கைப்பிடியில் அசையாமல் நின்றது. கேஸ் கட்டர்காரர் இறங்கி, கொழுந்தனோடு ஓரமாகப் போனார்.

மணி நாலேமுக்கால். ஆபீஸ் ஜன்னலில் சூப்பர்வைசர் தெரிந்தார். அக்கா குண்டை மேலே தூக்கி வெளியே கொண்டுவந்து, பின்னால் இழுத்து ஆட்டினாள். நாலாம் மாடிச் சுவர் உள்பக்கமாகப் பொலபொலவென்று கொட்டியது. புழுதி அடங்கக் காத்திருந்தாள். அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. குண்டை மறுபடி பின்னால் இழுத்தாள்.