டோரெட்டாவின் அளவுக் கம்பி

எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்கு டோரெட்டா போலிக்கின் முகத்தைவிட அவருடைய கால்கள்தான் அதிகப் பழக்கம். மீதி உடம்பு எப்போதும் ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருக்கும். சாண்டி ரன் பந்தயத் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் தலைமைப் பரிசோதகர், கார்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கிறவர். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமை தடத்தில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை ஆறு வயதில் கைபிடித்துப் பேருந்தில் ஏற்றியவர் என்பதால், தலை நரைத்தவனுக்கும் அவர் 'மிஸ் டோரெட்டா'தான். அவருக்கு எல்லோரும் 'டா'.

எங்கள் தடத்தில் ஓடுவது ஸ்டாக் கார், அதாவது சாதாரணக் காரைப் பந்தயத்துக்குத் திருத்திக் கட்டினது. ஸ்டாக் கார்க்காரர்கள் விதியை மீறுவதையே ஒரு துணை விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். ஒளிப்பது அவர்கள் வேலை, கண்டுபிடிப்பது டோரெட்டாவின் வேலை. பிடிபட்ட பொருள் பரிசோதனைக் கொட்டகை வாசலில் கிடக்கும் நீள மேஜைக்குப் போகும். கூடவே ஒரு அட்டையில் ஆளின் பெயர், தேதி. அந்த மேஜைக்கு மியூசியம் என்று பெயர். அக்டோபரில் கடைசிப் பந்தயம் முடிந்ததும், வினிகர் ஊற்றின பன்றிக் கறியும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு, அவரவர் திருட்டை அவரவர் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெட்கம் என்ற பேச்சே கிடையாது. ஒரு வருஷம் முழுக்க மியூசியத்தில் பெயர் வராதவனைப் பார்த்து, "ஏன்டா, நீ முயற்சியே பண்ணலையா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வசந்தத்தில் முதல் சனிக்கிழமைக்கு ஒன்பது கார்தான் வந்தது. ஒன்பது காரைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? இப்படியே போனால் இலையுதிர் காலத்தோடு தடத்தை மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே சமயத்தில், பக்கத்து மாவட்டத்து ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் ஓடிக்கொண்டிருந்த பழைய விமானத் திடலில் கிடங்கு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவர்களிடம் நாற்பது கார், ஓட இடமில்லை. எங்களிடம் நீள்வட்டமும், அதன் நடுவே வளைந்து வளைந்து போகும் உள்பாதையும் இருந்தன, ஓட்டக் காரில்லை. இரண்டு பந்தயத் தொடரையும் ஒன்றாக்கிவிடலாம், ஒரே விதிப் புத்தகம், ஒரே அதிகாரிகள் என்று பேச்சு கிளம்பியது.

"லேசா உரசினாலே எறங்கி வந்து மன்னிப்பு கேக்கற கூட்டம்பா அது" என்றான் ஹோய்ல் சிக்மன். எங்கள் தடத்தில் அதிகம் ஜெயித்தவன், மியூசியத்தில் அதிகம் பெயர் வந்தவனும் அவன்தான். "உரசாம ஓட்டறதுக்குப் பேரு பந்தயமா? அது சவ ஊர்வலம்."

அந்தப் பக்கத்தில், "அவங்களுக்கு எடது பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும்" என்று பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு சங்கத்துக்கும் சுற்று எண்ணிக் குறிக்கிறவன். இரண்டு பேச்சுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டோரெட்டாவுக்குச் சங்கடம் வேறு. ஒரே புத்தகம் என்றால் கொட்டகையும் ஒன்று, தலைமைப் பரிசோதகரும் ஒருவர்தான். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் துழாவித் தேடமாட்டார்கள். ஒருவருக்கு இன்னொருவர் கார்மேல் சந்தேகம் வந்தால் கையெழுத்துப் போட்டு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அளப்பார்கள்.

"சந்தேகம் வந்தா காகிதமா? குனிஞ்சு பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் டோரெட்டா. பிறகு சிரித்துக்கொண்டே, "சேரட்டும். தடம் பொழைக்கணும். ஆனா கொட்டகைய மட்டும் என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க" என்றார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பரீட்சார்த்தமாக இரண்டு வகைக் காரையும் உள்பாதையில் சேர்த்து ஓட்டினார்கள். சமமாக ஓடவேண்டும் என்பதற்காக, எங்கள் தடத்தில் எப்போதும் போடுகிற மாதிரி, எல்லா எஞ்சினுக்கும் காற்று போகிற வழியில் துளை போட்ட தகடு ஒன்று. துளை பெரிதானால் காற்று அதிகம், காற்று அதிகமானால் வேகம் அதிகம். டோரெட்டாவிடம் அதற்கென்று ஒரு எஃகு அளவுக் கம்பி உண்டு. கம்பி துளையில் சிக்கி நின்றால் சரி, நுழைந்து விழுந்தால் துளை பெரிது. மேல்முறையீடே கிடையாது.

இரண்டாவதாக வந்தவர் டாக்டர் கிரேடன் லோரி. ஊரில் பாதிப் பேருக்குப் பல் பார்க்கிறவர், ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் செயலாளர். அவருடைய தகட்டில் கம்பி 'டிங்' என்று விழுந்தது.

டோரெட்டா வழக்கப்படி தகட்டை மேஜைமேல் வைத்து, அட்டையில் பெயரை எழுதிச் சாய்த்து வைத்தார். கூட்டம் கை தட்டியது. உண்மையாகவே சந்தோஷமாகத்தான் தட்டினார்கள். ஒருவன் அவர் கையில் ஹாட் டாக்கைத் திணித்தான். ஹோய்ல் அவர் முதுகில் தட்டி, "வாங்க டாக்டர், இனிமே நீங்க நம்மாளு! தொளை போடறதே உங்க பொழப்பு, அதுலயே மாட்டிக்கிட்டீங்களே!" என்றான். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. டோரெட்டாவிடம் மட்டும், "அம்மா, அந்தத் தொளைய நானே அளந்து போட்டேன்" என்றார். ஹாட் டாக்கை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் காரை ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமைக்குள் அந்த நகைச்சுவை ஊர் சுற்றி, அவருடைய காத்திருப்பு அறைக்கே வந்து சேர்ந்துவிட்டது. பல் பிடுங்க வந்தவர்களெல்லாம், "கொஞ்சம் சின்னத் தொளையாப் போடுங்க டாக்டர்" என்றார்களாம். பெயரை மேஜையில் போட்டு நம் செயலாளரைத் திருடனாக்கினவர்களோடு என்ன கூட்டு, இணைப்புக்கு எதிராகத்தான் ஓட்டு என்று அவர்கள் சங்கம் முடிவுகட்டியது. வாக்கெடுப்பு மே மாதம் என்று குறித்தாகிவிட்டது.

"அட்டைல பேரு வந்ததுக்கா இவ்வளவு?" என்று டோரெட்டா என்னைக் கேட்டார்.

"அவங்க ஊட்டுல அதுக்குப் பேரு மானம்."

 டோரெட்டா யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்றை. "இருபத்திரண்டு வருஷத்துல மாட்டினவன் ஒருத்தன்கூட 'நானே அளந்து போட்டேன்'னு சொன்னதில்ல. 'அட, இது எப்படி உள்ள வந்துச்சு?'ன்னுதான் சொல்வானுங்க. எஞ்சின் கட்டினவன் மேல பழி, மச்சான் மேல பழி. இந்த ஆளு தன் மேலயே போட்டுக்கிட்டாரே."

புதன்கிழமை மதியம், காலைப் பேருந்துக்கும் மாலைப் பேருந்துக்கும் நடுவில், நான் வேலை பார்க்கும் மரச்சாமான் ஆலைக்கு வந்தார். பழுதுபார்க்கும் பிரிவில் கடைசல்காரர் லாமார் கில்லியனும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கம்பியை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைந்து கொடுத்தவரே லாமார்தான். டோரெட்டா கைக்குட்டையைப் பிரித்துக் கம்பியை அவர் முன்னால் வைத்தார்.

"அளந்து பாரு."

லாமார் கையைத் துடைத்துக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒருமுறை அளந்தார். கம்பியைத் திருப்பி இன்னொருமுறை அளந்தார். "மிஸ் டோரெட்டா, இத என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? குளிர்காலத்துல கொட்டகை ஒழுகும், துரு ஏறும். மார்ச்சுல உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். பளபளன்னு வெச்சிருப்பேன்."

"வருஷா வருஷமா?"

"ஒரு வருஷம் விட்டதில்ல."

"அங்குலத்துல ஆயிரத்துல மூணு பங்கு கொறையுது" என்றார் லாமார். "டாக்டரோட தொளை விதி சொல்ற அளவுக்குச் சரியா இருந்திருந்தாக்கூட, இது விழத்தான் செய்யும்."

 லாமார் எட்டிக் கதவைச் சாத்தினார். "இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். புதுசா ஒண்ணு அரை மணில போட்டுத் தர்றேன். வெளிய தெரிஞ்சா உங்கள அந்தக் கொட்டகைக்குள்ள விடுவாங்களா? யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் என் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமலிருப்பது எனக்கு எப்போதும் சுலபமாக வரும். டோரெட்டா கம்பியைக் கைக்குட்டையில் சுற்றினார். "புதுசு போட்டு வை. யாராவது ஒருத்தருக்கு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு, மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

வாக்கெடுப்புக் கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில். இடது பக்கம் ஸ்டாக் கார்க்காரர்கள், வலது பக்கம் அவர்கள், நடுவில் கல்யாண வீட்டில் சம்பந்திகளுக்கு நடுவே விடுகிற மாதிரி ஒரு இடைவெளி. தலைவர் ஆரம்பிப்பதற்குள் டோரெட்டா எழுந்துவிட்டார்.

"நான் தப்பா அளந்துட்டேன். லாமார் போட்ட புதுக் கம்பில பார்த்தேன், டாக்டர் போட்ட தொளை சரியாத்தான் இருக்கு. என் கம்பிதான் தேஞ்சிருக்கு. தேய்ச்சதும் நான்தான்."

 பின்வரிசையிலிருந்து ஹோய்ல்: "அப்போ போன வருஷம் என்னோடது?"

"உன்னோட தொளைக்குள்ள என் சுண்டுவிரலே நுழைஞ்சுதுடா. உக்காரு."

இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்குத்தான் முதல் தடவை. டோரெட்டா சிரிக்காமல் ஒரு காகிதத்தைப் பிரித்து, முந்தின இரண்டு வருஷத்தில் தகட்டால் மாட்டினவர்களில் சந்தேகமான மூன்று பெயர்களைப் படித்தார். பிடிபட்டதால் அவர்கள் பந்தயத்தில் இழந்த இடங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றார். அந்த மூவரில் ஒருவன், "விடுங்க மிஸ் டோரெட்டா, நான் வேற ஒண்ணு ஒளிச்சிருந்தேன், அத நீங்க பாக்கல" என்றான்.

டாக்டர் லோரி எழுந்தார். "எங்க விதிப் புத்தகத்துல, அளவுக் கருவி தப்பா இருந்தா பரிசோதகர் அந்த வருஷம் முழுக்க ஒதுங்கி இருக்கணும்னு இருக்கு. நான் அதக் கேக்கல. இவங்க சொன்னதே எனக்குப் போதும்."

"நீங்க கேக்க வேண்டாம் டாக்டர்" என்றார் டோரெட்டா. "நான் கேக்கறேன். ஒரே புத்தகம்னுதானே பேச்சு? அப்புறம் எனக்கு மட்டும் எதுக்குத் தனிப் பக்கம்?"

உட்கார்ந்து, காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

இணைப்பு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்டாக் கார்க்காரர்களே, டோரெட்டா இல்லாத கொட்டகை வேண்டாம் என்பதற்காக. மியூசியம் இருக்கும், ஆனால் சம்மதிக்கிறவர் பெயர் மட்டும் ஏறும் என்று முடிவானது. கொட்டகை அந்த வருஷத்துக்கு அவர்களுடைய பரிசோதகருக்குப் போனது. அடுத்த வருஷம் யாருக்கு என்பதை நவம்பரில் பார்க்கலாம் என்றார்கள்.

ஜூனில் முதல் கூட்டுப் பந்தயம். முப்பத்தொரு கார். டோரெட்டா டிக்கெட் வாங்கிக்கொண்டு, வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தோடு பார்வையாளர் படியில் வந்து உட்கார்ந்தார். அன்று சுற்று எண்ண வேறு ஆள் இருந்ததால் நான் கூட இருந்தேன். முதல் பத்துச் சுற்றும் கடலையைத் தொடாமல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் பந்தய நேரத்தில் அவர் கொட்டகைக்குள் அடுத்த சோதனைக்குத் தயார் பண்ணிக்கொண்டிருப்பார். ஒரு பந்தயத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"ஹோய்ல் இப்படியா ஓட்டறான்?" என்றார். "காரு அடிப்பக்கத்தப் பார்த்து இவன மொரடன்னு நெனச்சிருந்தேன். எவ்வளவு பதவிசாத் திருப்பறான் பாரு."

டாக்டர் ஹோய்லின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அந்தச் சுற்றின் கடைசி வளைவுக்குள் இடம் கிடைக்காமல் ஹோய்லின் பின்பக்கத்தில் லேசாக இடித்துவிட்டு உள்ளே புகுந்தார். படியே எழுந்து கத்தியது. டோரெட்டாவும் எழுந்தார், மடியில் இருந்த கடலையெல்லாம் சிதறியது.

அப்போது அவர் கைப்பேசியில் செய்தி வந்தது. கொட்டகையிலிருந்து புதுப் பரிசோதகர்: மேடம், காரோட கூரைய அளக்கற அச்சு எங்க இருக்கு?

படித்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

"அப்புறமா சொல்லலாம்" என்றார், தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஆறு சுத்து இருக்கு."