நிறையாத லாரி

நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனதும் பேச்சு நின்றுவிடும். அதுவரை ராட்டினச் சத்தத்தையும் மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால் பதிலாவது சொல்லியிருப்பேன்; எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். பேசாமல் இருப்பவர்களிடம் என்ன சண்டை போடுவது? என் முறை வரும்போது கயிறு என்னைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போய்விடும். எல்லோரும் போன பிறகு சேறும் தண்ணீருமாக அரைக்குடம் கிடைக்கும். மாங்காட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் எனக்கு அப்போது ஒரே பெயர்தான்: தண்ணி லாரிக்காரன் பெண்டாட்டி.

எங்களுக்குச் சங்ககிரிப் பக்கம். ஊரில் என் கணவர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி ஓட்டினார். அரவை முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த வெட்டு வரை வீட்டில் உட்கார்ந்து என் சமையலுக்குக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம், டேங்கர் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். மழை பிடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. தெருக்கோடியில் ஒரு பெரிய நிலக்காரரின் வயல் கிணறு இருந்தது. அங்கே லாரியை நிரப்பிக்கொண்டு, பூந்தமல்லி வழியாக நகரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவதுதான் வேலை. பொழுதுக்கும் மோட்டார் ஓடியது. தெருவில் இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. மெட்ராஸுக்கே தண்ணீர் சுமக்கிறவர் வீட்டில் நான் ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அதையே காலிலும் ஊற்றிக்கொண்டேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரு விவசாயக் குடும்பத்தின் பின்கட்டு அறையில். அந்த வீட்டுக்கார அம்மாவின் கணவர் ஆவடியில் ஷிப்ட் வேலைக்குப் போனார். நிலத்தைப் பார்த்தது அந்த அம்மாதான். கீரைப்பாத்திதான் அவருக்கு எல்லாமே. விடியுமுன் கட்டுக் கட்டி பூந்தமல்லி மார்க்கெட்டுக்குச் சுமந்து போவார். அந்த வருடம் கிணறு வற்றி, பாத்தி மஞ்சளாகக் காய்ந்தது. பாத்தியோரம் நின்றபடி எங்கள் அறையைப் பார்ப்பார். காலி பண்ணு என்று ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் மேல் கோபம் இருந்தது. ஆனால் வாயும் வயிறுமாக இருந்த பெண்ணைத் தெருவில் விட மனம் வரவில்லை போலிருக்கிறது.

என் கணவருக்குச் சாப்பிடும்போதுதான் தொழில் பேச்சு வரும். ஒருநாள் பாதித் தண்ணீர் இருந்த சொம்பைத் தரையில் வேகமாகத் தள்ளி, சட்டென்று பிடித்துக் காட்டினார். தண்ணீர் முன்னால் பாய்ந்து என் புடவையில் விழுந்தது.

"நெறஞ்ச லாரி ஒண்ணும் பண்ணாது புள்ள. கொறையா இருந்தாத்தான் வம்பு. நாம பிரேக்கப் புடிச்சாலும் உள்ள தண்ணி நிக்காதுல்ல? அது வந்து முன்னால இடிச்சு வண்டியத் தள்ளிட்டுப் போயிரும்."

வயல் கிணறும் அப்போது அடி தட்டத் தொடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் மோட்டார் போட்டாலும் லாரி முழுதாக நிறையவில்லை. முக்காலும் அரையுமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் பின்பக்கம் ஓலைத் தடுப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வீட்டுக்கார அம்மா மற்ற பெண்களிடம் பேசுவது கேட்டது.

"கோடியில வளைவு கீது பாரு, அந்த வேலிக்குப் பின்னால குந்திக்கினு இருப்போம். காலைல வண்டி திரும்பும்போது எல்லாரும் ஒண்ணா குறுக்க பாயணும். தூரத்துலயே பாத்துட்டான்னா வேற வழியா பூடுவான்."

மொண்ட சொம்பை அப்படியே கீழே வைத்தேன். வளைவில் பாய்ந்தால் அவர் எப்படிப் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. அவரிடம் சொன்னால் லாரி முதலாளிக்குச் சொல்லாமல் இருக்கமாட்டார். முதலாளி அடியாட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். சொல்லாவிட்டால் இந்த அம்மா சக்கரத்துக்கடியில் போவார், என் கணவர் ஜெயிலுக்குப் போவார். ஈரத்துணியோடு அங்கேயே நின்றேன். மற்றவர்கள் கலைந்து போனதும் நேராக அந்த அம்மாவிடமே போனேன்.

"அக்கா, வளைவுல மட்டும் நிக்காதீங்க. வண்டி நிக்காதுங்க்கா."

"ஏன், ஏத்திடுவானா உன் புருசன்? ஏத்தட்டும், பாக்கலாம்."

சொம்புக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

"இன்னாமே கதை உடுற? எங்கள தூரமா நிக்க வெச்சா அவன் பாத்துட்டு ஓடிடலாம், அதானே?"

"வளைவுக்கப்புறம் மதகு இருக்குதுல்ல, அதைத் தாண்டி நேர் ரோட்டுல நில்லுங்க. பொம்பளைங்க நிக்கறதப் பாத்தா அவரு நிறுத்துவாருங்க்கா. ஓடற ஆளில்லை."

"நீ போயி அவன் கைல சொல்லிட்டா?"

"சொல்லமாட்டேன். நானும் வந்து உங்ககூட நிக்கறேன்."

என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத ஆளா நிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஏம்புள்ள மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் போனார். அவர் தலை மறைந்ததும் நானும் கிளம்பினேன்.

மதகைத் தாண்டி ரோட்டை அடைத்து நின்றோம். எல்லோருக்கும் முன்னால் நானும் வீட்டுக்கார அம்மாவும். லாரி வளைவில் திரும்பியது. ஹாரன் அலறியது. பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது, வண்டி நின்றது. பின்னால் இருந்த ஒருத்தி "நின்னுடுச்சு!" என்று கத்தினாள். அந்த நேரம் டேங்குக்குள் குபீரென்று ஒரு சத்தம். நின்ற வண்டி, டயர் தேய, எங்களை நோக்கி வந்தது. ஒருமுறை அடங்கி, மறுபடியும் வந்தது. வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் வண்டி அடங்கியது. அவர் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

வீட்டுக்கார அம்மா திரும்பி வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வயிற்றில் கை வைத்து, "பாவி, தெரிஞ்சே வந்து நின்னியேடி" என்று அழுதுவிட்டார்.

ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், நிலக்காரர் மோட்டாரை நிறுத்தினார். முதலாளி அன்றே என் கணவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். மீதி மாதங்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு லோடு கிடைத்தது. அதற்குப் பிறகு தண்ணீர் லாரிச் சாவியை அவர் தொடவே இல்லை. "இரும்புன்னா வெச்ச எடத்துல இருக்கும்" என்பார்.

வருடா வருடம் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் தொண்ணூறுகளில் திருவேற்காட்டிலேயே தங்கிவிட்டோம். இப்போது எந்நேரமும் தண்ணீர் லாரிகள் ஓடுகின்றன. ஒன்று பின்னால் வந்தாலும் அவர் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிடுவார். போன மாதம் அப்படி நின்றபோது, சீண்டலாமே என்று கேட்டேன்: "அன்னைக்கு நான் நின்னதப் பாத்துத்தானுங்க அப்படிப் புடிச்சீங்க?"

"உன்னைய எங்க பாத்தேன்? நின்னதுக்கப்புறம் தலையத் தூக்கினாத்தான் நீ நிக்கற. யாரோ பொம்பளைங்கன்னுதான் புடிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்காக நின்ற லாரி என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை. பிறகு பாத்திரம் கழுவும்போது தோன்றியது: எனக்காக மட்டும் பிரேக் பிடிக்கிற ஆளாக இருந்திருந்தால், அவரு நிறுத்துவாரு என்று அந்த அம்மாவிடம் அவ்வளவு நிச்சயமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.