தலைமை வரைவாளரின் கதவு

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் காஜா பேராங்கில் ஒரு வரைபட ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே தலைமை வரைவாளர் கால்சட்டையை மார்பு வரை ஏற்றிக் கட்டியிருப்பார். பிஸ்கட் டின்னில் அவரே வெட்டிய தகடு ஒன்று சட்டைப்பையில் இருக்கும். கதவு, கிணறு, மரம் என ஒவ்வொன்றின் குறிக்கும் அதில் தனி ஓட்டை. அதை வைத்து வரையாதவன் தாளைக் கிழித்துவிடுவார்.

"வாசக் கதவுக்கும் கக்கூஸ் கதவுக்கும் ஒரே குறியா, சார்?" என்று கேட்டேன்.

"கதவுன்னா கதவுதான் லா! ஆளுக்கொண்ணு போட்டா ஆபீஸ் உருப்படுமா?"

தீபாவளிக்கு கிளேபாங் வீட்டுக்கு அழைத்தவர், அந்தத் தகட்டாலேயே வழி வரைந்து கொடுத்தார். அதில் இரண்டு கதவுகள் இருந்தன. கிணற்றருகே இருந்ததைப் போய்த் தட்டினேன்.

"ஆள் இருக்கு லா!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

மறுவாரம் தகட்டில் கக்கூஸ் கதவுக்குத் தனி ஓட்டை வந்துவிட்டது. பழைய குறியையே போட்டேன் என்று அன்றைக்கே என் தாளைக் கிழித்தார்.