நாளுக்கு ஒரு வரி

அந்த நெல் வியாபாரி ஒல்லியானவர். காதுக்குள் முடி வளர்ந்திருக்கும். தஞ்சாவூரில் அவர் வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போயிருந்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். மாத்திரை கொடுத்த பிறகும் சரியானதுதானா என்று பயம் போகாது.

சிறுவயதில் மாதா கோவிலில் கேட்ட நீண்ட லத்தீன் ஜெபத்தைக் கணவர் வாயால் முழுதாகக் கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. இந்துவான வியாபாரி அதைக் கைப்பேசியில் கேட்டு மனப்பாடம் செய்தார். தினமும் மாலையில் கட்டிலருகே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லி, புதிதாக ஒரு வரி சேர்த்து நிறுத்திவிடுவார்.

“இன்னைக்கும் அவ்வளவுதானாங்க?”

“வேகமா படிச்சா பழசு மறந்துடுது.”

“நெல்லு விலை மட்டும் மறக்காதாக்கும்” என்பார் அம்மா, வலியோடு.

ஒருநாள் கொல்லையில் நான் துணி துவைப்பதைக் கவனிக்காமல், நடந்துகொண்டே அவர் ஜெபத்தைச் சொன்னார். தடங்கலே இல்லாமல் ‘ஆமென்’ வரை போனது.

“முழுசா தெரியுதேங்கய்யா. இன்னைக்கே சொல்லிடுங்க. அம்மா துடிக்கிறாங்க.”

“சொல்லி முடிச்சா போயிடுவாம்மா” என்றார்.

அன்று மாலையும் ஒரே வரிதான் சேர்த்தார்.

ஜெபம் பாதியில் இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். வியாபாரி அந்த அம்மாவின் காதருகே குனிந்து, மீதியை நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

அவரை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் அயர்ந்து தூங்கும்போது, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அப்போது மட்டும் அந்தக் கோபம் இருப்பதில்லை.