நரிக்கு வைத்த கேமரா

வேதாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். திருமுல்கேரியில் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருஷம் உழைத்தவள். பதிவானதை அழிக்கக் கூடாது, வந்தது வந்தபடி மேலே போக வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

2010-ல் நகரின் மறுகோடியிலுள்ள குகட்பள்ளியிலிருந்து பிரசன்னா வந்தான். சாஃப்ட்வேர்காரன், சனி ஞாயிறில் மட்டும் இயற்கையைக் காப்பாற்றுகிறவன். வேதா குடியிருந்த காலனிக்குப் பின்னாலுள்ள பாறைக்காட்டில் நரிகள் இருப்பதை நிரூபித்தால், அங்கே கட்டடம் வராமல் தடுத்துவிடலாம் என்றான். எது அசைந்தாலும் தானாகப் படமெடுக்கும் கேமராக்களை மரங்களில் கட்டினான். படங்களைப் பிரித்துப் பெயர் போடும் வேலையை வேதா ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

நரி, கீரி, முள்ளம்பன்றி. நடுநடுவே, விடிவதற்குள் புதர் மறைவில் ஒதுங்கிய பெண்கள். பக்கத்துக் குடிசைகளில் கக்கூஸ் ஏது? கூசிப்போன வேதா அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘மனிதர்’ என்று குறித்தாள். ஆனால் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே பிரசன்னாவுக்கு அனுப்பிவைத்தாள், மகா ஒழுங்காக!

படங்களைக் காட்ட பிரசன்னாவின் ஆட்கள் நகரில் தார்நாகா பக்கம் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேர். திரையில் ஆளுயரத்துக்கு ஒரு பெண், கீழே ‘மனிதத் தொந்தரவு’ என்று எழுத்து. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரையிலிருந்த முகம் அன்னக்கிளியுடையது. தினமும் வேதா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

வேதா எழுந்து போய் ப்ரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினாள்.

“ஆன்ட்டி! என்ன பண்றீங்க?”

“அது யாருன்னு தெரியுமா உனக்கு?”

“யாரா இருந்தா என்ன ஆன்ட்டி? எத்தனை பேர் வராங்கங்கிற டேட்டாதான் முக்கியம்.”

“அப்ப நம்பரை மட்டும் போடு. படம் எதுக்குடா? உங்கம்மாவா இருந்தா போடுவியா?”

வெப்சைட்டில் போன வாரமே ஏற்றியாகிவிட்டது என்று வேறொருவன் முணுமுணுத்தான். வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி.” எடுத்தார்கள். அதற்குள் யார் யார் பார்த்தார்கள், யார் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். ஒருவனுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மனசு ஆயிரம் சாக்கு சொன்னது. அந்த மனசின் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அன்னக்கிளியை உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அனுப்பினது நான்தான் அன்னக்கிளி. கேமரா நரிக்காக வெச்சது.”

அன்னக்கிளி அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நரிகிட்ட சொல்ல முடியாதும்மா. எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? தெனம் உங்க வூட்டுக்குத்தானே வரேன்!”