எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுக்கிய மீட்டர்

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம். மகளுக்குத் தேனியில் காலேஜ் கிடைத்திருந்தது. நாங்கள் அப்போது லோயர் கேம்ப்பில் இருந்தோம். தினமும் பஸ்ஸில் போய் வந்து பிள்ளை துரும்பாகிவிட்டாள். ஆடியில் யாரும் குடி போகமாட்டோம், ஆனால் வீடு பார்த்து வைக்கலாம்; ஆவணி பிறந்துவிட்டால் நல்ல வீடெல்லாம் கை மாறிவிடும். அதனால் நானும் மனைவியும் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டிக்குக் கிளம்பினோம்.

நான் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். படிப்பு எட்டோடு நின்றது. மிச்சத்தை மண்டியிலும் டீக்கடையிலும் ஜனங்கள் பேசக் கேட்டுத்தான் படித்தேன். யாராவது நல்ல சொலவடை ஒன்று சொன்னால் மனதில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன். பிறகு அதை எங்கே அவிழ்க்கலாம் என்று இடம் தேடிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு அவிழ்த்தது தப்பான இடத்தில்.

ஒரே காம்பவுண்டில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். இடது வீடு நான்கு மாதமாகக் காலி. வலது வீட்டில் ஓர் அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகளோடு குடியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்குக் கேரளாவில் எஸ்டேட் வேலை. ஹவுஸ் ஓனர் போடியில் கடை வைத்திருப்பவர், சாவியோடு வந்திருந்தார். மூன்று நாள் சாரல் விட்டு அன்றுதான் வெயில் முகம் காட்டியது.

மனைவி அடுப்படியைப் பார்க்கப் போனாள். நான் நேராக மீட்டரிடம் போனேன். என் மச்சான் வயரிங் வேலை பார்க்கிறவர். அவர் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று உண்டு. மெயினை மட்டும் விட்டுவிட்டு, வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகும் மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கினால், கரண்ட் நமக்குத் தெரியாமல் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்.

அணைத்தேன். வந்து பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு மினுக்கு. மறுபடி பத்து, மறுபடி ஒரு மினுக்கு.

பெரியாற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிற லோயர் கேம்ப்பிலேயே குடியிருந்தவன் நான். எனக்குத் தெரியாத கரண்டா என்ற நினைப்பு தலைக்கு ஏறியது. இரண்டு மீட்டரும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காலி வீட்டு மீட்டரை யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்து வீட்டு அம்மா ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவது கண்ணில் பட்டது. அவர் காதில் விழட்டும் என்றே ஓனரிடம் சத்தமாகச் சொன்னேன்:

"தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? இங்கன ஒரு வீட்டு லைன்ல இன்னொரு வீடு ஓடுது."

ஓனருக்கு முகம் சுருங்கியது. "அந்தத் தங்கச்சி அப்படிப்பட்ட ஆளு இல்லங்க" என்றார். அதற்குள் அந்த அம்மா வாளியை நடைபாதையிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். கத்தவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"என்னண்ணே சொல்றீக? நாங்க உங்க கரண்ட எடுக்குறமா?"

"நான் சொல்லலம்மா, மீட்டரு சொல்லுது."

"மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம். இருங்க, எங்க மெயினையே அணைக்கிறேன். அப்பவும் உங்க மீட்டரு பேசுதான்னு பாருங்க."

உள்ளே போய் அணைத்தார். அவர் வீட்டு மின்விசிறி சுற்றி நின்றது. ஓடிக்கொண்டிருந்த டிவியும் அடங்கியது. சத்தம் கேட்டு மனைவியும் வந்துவிட்டாள். நாங்கள் நான்கு பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மினுக்கியது.

"இப்ப என்ன சொல்லுதுண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மச்சானுக்கு போன் போட்டேன். "உங்க மெயின அணைச்சீகளா மாப்ள?" என்றார். அதைத்தான் செய்யவில்லை. அணைத்ததும் விளக்கு நின்றுவிட்டது. "அப்ப கோளாறு உங்க வயர்லதான். அங்கன இங்கன தொட்டுறாதீக. வெளிப்பக்கம் போற லைன் எதுன்னு கேளுங்க" என்றார்.

வெளியே போவது ஒன்றே ஒன்று. பின்பக்கக் குளியலறை விளக்குக்கு, சுவரோரமாக பிளாஸ்டிக் பைப்புக்குள் போகும் லைன். அதன் சுவிட்ச் குளியலறையில்தான்; அதனால் அதுவரை லைனில் எப்போதும் கரண்ட் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் துணி காயப்போட ஒரு கொடிக்கம்பி. ஒரு முனை இரும்புத் தூணில், மறு முனை அந்த பைப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தது. ஈரத் துணியின் பாரமும் காற்றின் ஆட்டமுமாக, கம்பி பைப்பை அறுத்து உள்ளே வயர் வரை இறங்கியிருந்தது.

மனைவியை மெயினைப் போடச் சொல்லிவிட்டு, பையில் வைத்திருந்த டெஸ்டரை மட்டும் கம்பியில் வைத்தேன். எரிந்தது.

உடனே அணைக்கச் சொன்னேன். கம்பியிலிருந்து இரண்டு எட்டில் அந்த அம்மா வைத்த வாளி இருந்தது. மேலாகக் கிடந்தது ஒரு சின்ன யூனிஃபார்ம் சட்டை.

அந்த மூன்று நாள் காற்றில்தான் கம்பி வயரைத் தொட்டிருக்க வேண்டும். மூன்று நாளும் சாரல் என்பதால் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தியிருக்கிறார். அன்றுதான் வெளியே கொண்டுவந்திருக்கிறார். தன் பேருக்கு வந்த பழியைக் கேட்டுவிட்டுப் போவோம் என்று திரும்பாமல் இருந்திருந்தால், அந்த ஈரக் கை கம்பியைத் தொட்டிருக்கும்.

"அந்தக் கம்பியக் கட்டுனது நாந்தான்" என்று சொல்லிவிட்டு ஓனர் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா வாளியைக் கம்பியிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "லீவு நாள்ல கிளிப்பு எடுத்துக் குடுக்கிறது எம் மகதான்."

நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பேசுனதுக்கு ரெண்டு வச்சிருக்கணும்ண்ணே. இப்ப வைக்கவும் முடியல" என்றார். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவர் முகம். உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். அதைக் குடிக்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஓனர் நல்ல மனிதர். அன்று சாயங்காலமே ஆள் வைத்துப் புது லைன் இழுத்தார். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்சை இரண்டு வீட்டுக்கும் மாட்டினார். கம்பி போய், நைலான் கயிறு வந்தது. ஆவணியில் நாங்கள் அந்த வீட்டுக்கே குடி வந்தோம். பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளரைப் பக்கத்து வீட்டுக்குத்தான் கொடுத்தோம்.

இப்போதும் நான் மீட்டர் பக்கம் போனால், "என்னண்ணே, யாரு புறங்கைய நக்குறா?" என்று ஜன்னலில் இருந்து குரல் வரும். அவர் மகளும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்துக்கொள்வேன்.

மீட்டர் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அது சொன்னதற்கு ஆள் பிடித்தது நான்தான். இன்றைக்கும் யாரையாவது குறைசொல்ல நாக்கு துருதுருக்கும்போது, வாளியின் மேல் கிடந்த அந்தச் சின்னச் சட்டை கண்ணில் வந்து நிற்கிறது; முதலில் என் வீட்டு மெயினை அணைத்துப் பார்க்கச் சொல்கிறது.